குடும்பப் பேர் மாறாது

— தேத்தண்ணி ஆறுது பிள்ளை, குடியும். வந்து அரை மணித்தியாலமாச்சு. என்ரை பேரை மூண்டு தரம் கேட்டிட்டீர், வந்த விசயத்தை இன்னும் காணேல்லை.

— சொறி அக்கா. அதாவது… நான் பிரசாந்தி, ஊர் உடுவில். உங்கடை நண்டுக் கொம்பனிக்கு மென்பொருள் செய்து குடுத்த ஒபிசிலை வேலை செய்யிறன்.

— அப்ப கொம்பனிதான் அனுப்பினதே? இந்த றோஸைத் திரும்ப எடுப்பம் எண்டு சொல்லுகினமே?

— இல்லை அக்கா, ஒருத்தரும் அனுப்பேல்லை. நானாத்தான் வந்தனான். உங்களை ஏன் வேலையாலை நிப்பாட்டினவை எண்டு தெரியுமே?

— தெரியாமலே? நண்டு குறைஞ்சிட்டுதாம், புதுசாச் சேந்த ஆக்களை நிப்பாட்டுகினமாம். பதினொரு வருசம் நண்டு உடைச்ச நான் புது ஆளாம். கேட்டால் மனேச்சர் கொம்பியூட்டரைக் காட்டுறார். எனக்குத் தெரியும், உது கையுறை கேட்ட கோவம்.

— என்ன கையுறை?

— நண்டு கீறிக் கீறிக் கையெல்லாம் சீழ் பிடிக்குது, நல்ல கையுறை தாங்கோ எண்டு நான்தான் முன்னுக்கு நிண்டு கேட்டனான். அதுக்குத்தான் பழி வாங்கிப்போட்டார் எண்டு நினைச்சு, போய் அந்த மனிசனிட்டை மன்னிப்புக் கேட்டன், எல்லாற்றை முன்னாலையும். இப்ப சந்தையிலை மீன் வெட்டிக் குடுக்கிறன். ஏன் பிள்ளை அழுறீர்?

— நீங்கள் மன்னிப்புக் கேக்கத் தேவையே இருக்கேல்லை அக்கா. மனேச்சர் இல்லை உங்களை நிப்பாட்டினது. நான்தான்.

— நீரோ? என்னை இண்டைக்குத்தானே காணுறீர்.

— அதாவது, அங்கை ஆக்களின்ரை பதிவெல்லாம் இப்ப ஏஐதான் பாக்குது. ஆனா அதுக்கு உங்கடை படிவத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஒரு பதிவைத் தொட முதல் ஒரு கருவியைக் கேக்கும்: இதிலை என்னென்ன கட்டம் இருக்கு, இந்தக் கட்டத்திலை என்ன வரும், அது மாறுமோ மாறாதோ எண்டு. கருவி சொல்லுறதை அப்பிடியே நம்பும். கருவி என்ன சொல்லோணும் எண்டு எழுதி வைக்கிறது என்ரை வேலை.

— அப்ப நீர் மிசினுக்கு வாத்தியார்.

— நல்ல வாத்தியார் அக்கா. இருநூறு கட்டத்துக்கு ஒரு கிழமை தந்தவை. ‘குடும்பப் பேர்’ எண்ட கட்டம் வரேக்கை ஒருத்தரையும் கேக்கேல்லை, என்ரை அடையாள அட்டையைப் பாத்தன். சண்முகநாதன் பிரசாந்தி. ‘தகப்பனின்ரை பேர். ஒருக்காலும் மாறாது. வேறை பேர் எண்டால் வேறை ஆள்’ எண்டு எழுதிப்போட்டன்.

— ஏன் மாறாது? கலியாணம் கட்டினால் மாறும்தானே. நான் வேலைக்குச் சேரேக்கை யாகோப்பு றோஸ். சிமியோனைக் கட்டின பிறகு சிமியோன் றோஸ்.

— ஓம். பழைய பதிவிலை வெறும் பேர் மட்டும், யாகோப்பு றோஸ். இந்த வருசம் நீங்கள் குடுத்த புது அடையாள அட்டையிலை சிமியோன் றோஸ். ஏஐ கருவியைக் கேட்டது, கருவி நான் எழுதினதைச் சொன்னது. யாகோப்பு றோஸ் விலகிட்டா, சிமியோன் றோஸ் தை மாசம் சேந்தவ எண்டு பதிஞ்சிட்டுது.

— அதுதான் ஒரு ஆம்பிளையையும் நிப்பாட்டேல்லை. நிப்பாட்டின பதினெட்டுப் பேரும் கலியாணம் கட்டின பெம்பிளையள். எழுதினதை ஒருக்கா ஓட்டிப் பாக்கேல்லையே?

— பாத்தனான். என்ரை பேரையும் பக்கத்து மேசை லோஜன்ரை பேரையும் போட்டு. ரெண்டும் சரியா வந்தது. என்ரை அம்மாவின்ரை பேர் மாறினதுகூட அப்ப நினைவுக்கு வரேல்லை அக்கா. நிப்பாட்டின ஆக்களின்ரை பட்டியலைக் கண்ட நாளிலை இருந்து சோறு இறங்குதில்லை.

— எப்ப கண்டனீர்?

— மூண்டு கிழமைக்கு முதல்.

— மூண்டு கிழமையோ.

— ஏசுங்கோ அக்கா. ஏசினால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

— ஏசி என்ன பிள்ளை. தெரிஞ்சு செய்யேல்லைத்தானே. வீடு தேடி வந்து சொல்லவும் ஒரு மனம் வேணும். அந்த மனேச்சரை எத்தினை நாள் திட்டித் தீத்தன், பாவம் அந்தாள். கண்ணைத் துடையும். மற்றப் பதினேழு பேரும் இஞ்சை கிட்டத்தான் இருக்கினம். வாரும், நான் கூட்டிக்கொண்டு போறன்.

— இப்ப வேண்டாம் அக்கா… அவையிட்டை.

— சரி, பயம் எண்டால் விடும். உங்கடை ஒபிசிலை சொல்லேக்கை என்ன சொன்னவை?

— இன்னும் சொல்லேல்லை. வாற கிழமை என்னை வேலையிலை நிரந்தரமாக்கப் போகினம்.

— அப்ப எனக்கு மட்டும்தான் சொன்னனீர்.

— ஓம் அக்கா.

— அந்தப் பிழையைத் திருத்த எவ்வளவு நேரம் எடுக்கும்?

— ஒரு வரிதான். ரெண்டு நிமிசம்.

— அப்ப அது மூண்டு கிழமைக்கு முதலே திருத்தியாச்சு, என்ன?

— திருத்தினால் ஆர் எழுதினது, ஆர் மாத்தினது எண்ட பதிவிலை என்ரை பேர் விழும் அக்கா… இண்டைக்குக் காலமை அதே வரியாலை இன்னொரு கொம்பனியிலை ஆறு பெம்பிளையளை நிப்பாட்டிப்போட்டினம்.