பின்னால் தட்டும் கை

“காது கேக்காதவனெல்லாம் பஸ் ஓட்டலாமாடா?”

“காது நல்லாவே கேக்கும். விஷயமே அதுதான். நடுவுல வாயத் தொறக்காம கேளு.”

குண்டன் அடங்கினான். கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. விடுதி அறையின் ஒரே கட்டிலில் நாங்கள் நான்கு பேரும் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி உட்கார்ந்திருந்தோம். தலையணை மேல் கிடந்த செல்போன் வெளிச்சத்தில் சோடாபுட்டியின் மூக்குக் கண்ணாடி மட்டும் மின்னியது. அவன் சொல்லிக்கொண்டிருந்தது, அவன் அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பாவுக்கு நடந்த கதை.

சாயங்காலம் ஏழு மணி. ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆள் உயரக் கோரைப் புல். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது... அந்தச் சாலைக்கு வந்த ஒரே பஸ், ஒரு அண்ணனும் தம்பியும் நடத்திய கம்பெனியுடையது. ஊரில் அவர்கள் பெரியவர், சின்னவர்.

ஒரு பழைய வண்டியில் ஆரம்பித்தார்கள். சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி வரை. பெரியவர் ஓட்ட, சின்னவர் டிக்கெட் கிழித்தார். பிறகு மர மில் வரை நீட்டினார்கள். அப்புறம், வேறு எவரும் எட்டிப் பார்க்காத ஏரிக்கரை வரை. வண்டிகள் நான்கான பிறகும் ஏரிக்கரை வண்டியை மட்டும் அண்ணனும் தம்பியுமே எடுத்தார்கள்.

அங்கே சாலை முடிந்துவிடும். திரும்ப வேண்டுமென்றால், பம்பு அறைச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவிலிருந்த மேட்டில் வண்டியைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். பக்கத்துக் கண்ணாடியில் இருட்டுதான் தெரியும். பெரியவர் அதைப் பார்ப்பதே இல்லை. சின்னவர் இறங்கிப் பின்னால் நின்று, தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவார்.

டப்... டப்... டப்...

தட்டிக்கொண்டிருந்தால் வரலாம். ஓங்கி ஒரே அடி விழுந்தால், நிறுத்து.

“கட்டின பொண்டாட்டிய நம்புறாரோ இல்லையோ, தம்பி கைய நம்புவாரு” என்றான் சோடாபுட்டி.

பிறகு ஒரு பெரிய கம்பெனி, மொத்த ரூட்டையும் விலைக்குக் கேட்டு வந்தது. பெரியவருக்கு ஆசை. சின்னவர் கையெழுத்துப் போட மறுத்தார். “வாங்குறவன் மொத வேலையா ஏரிக்கரை ரூட்டத்தான் வெட்டுவான். அந்த ஜனம் ஆஸ்பத்திரிக்கு எதுல வரும்ணே?” அதற்கப்புறம் வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. வண்டியில் மட்டும் அந்தக் கை பேசியது.

ஒரு சாயங்காலம்... டப், டப், டப். பிறகு ஓங்கி ஒரு அடி. வண்டி நிற்கவில்லை. இன்னொரு அடி. நிற்கவில்லை. மூன்றாவது அடி பாதியில் மழுங்கியது. பிறகு, தகரத்துக்கும் பம்பு அறைச் சுவருக்கும் நடுவே மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம். டீசல் நாற்றத்தோடு இன்னொரு நாற்றமும் ஜன்னல் வழியாக ஏறியது...

“‘சத்தம் கேக்கல’ன்னாரு பெரியவரு. விழுந்து புரண்டு அழுதாரு. ஊரே நம்பிடுச்சு.”

“உங்க சித்தப்பா?”

“அத்தானோட சித்தப்பாடா. கம்பெனி மெக்கானிக்கு. அன்னைக்குக் கடைசி சீட்டுல உக்காந்திருந்தாரு. மூணு அடியும் அவர் முதுகுக்குப் பின்னாடிதான் விழுந்துச்சு.”

எங்கள் முதுகுகள் சுவரிலிருந்து கொஞ்சம் விலகின.

“அப்பக்கூட வாயத் தொறக்கலையா?”

“கல்லுளிமங்கன் மாதிரி இருந்துட்டாரு. காரியம் முடிஞ்ச மறு வாரமே அவர் தோள்ல கண்டக்டர் பை.”

கம்பெனியைக் கைமாற்றும் முன், எல்லா ரூட்டிலும் கடைசி நிறுத்தம் வரை வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றது வாங்கும் கம்பெனி. டிரைவர்கள் எல்லாருமே ஏரிக்கரைக்குப் போக மாட்டோம் என்றார்கள். வேறு வழியின்றிப் பெரியவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். மில்லோடு ஜனம் இறங்கிவிட்டது. மிச்சம் பெரியவரும் சித்தப்பாவும்தான்.

மேட்டுக்கு வந்ததும் சித்தப்பா இறங்கினார். சின்னவர் நின்ற இடத்துக்குப் போகாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

டப்.

அவர் கை அவர் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

டப்... டப்...

பின் விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் யாரும் இல்லை. பின் தகரத்தில் படிந்திருந்த புழுதியில், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு உள்ளங்கை அச்சு விழுந்தது. வண்டி சுவரை விட்டு மெல்ல விலகி, தண்ணீர்ப் பக்கமாகப் பின்னால் வந்தது.

சித்தப்பா ஓடிப்போய் ஓங்கி ஒரு அடி அடித்தார். இரண்டு. மூன்று. உள்ளங்கை கிழிந்தது. அந்தத் தட்டல் நிற்கவும் இல்லை, பதறவும் இல்லை.

முன்னால் டிரைவர் சீட்டிலிருந்து பெரியவர் குரல் கேட்டது. தூங்கும் குழந்தையிடம் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

“வர்றேன்டா... வர்றேன்...”

மறுநாள் வண்டியை ஏரியிலிருந்து வெளியே இழுத்தபோது, கியர் ரிவர்ஸில் இருந்தது. டிரைவர் கதவு பூட்டியிருக்கவே இல்லை. பெரியவருக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

“போலீஸ்கிட்ட சித்தப்பா என்ன சொன்னாரு தெரியுமா? ‘தட்டுனேங்க. அவருக்குக் கேக்கல’ன்னாரு.”

குண்டன் கொட்டாவி விடுவது போல் நடித்தான். “சரி, பழி தீந்துச்சு. போன அணைச்சுத் தொலைடா, தூங்கலாம்.”

“தீந்திருந்தா நான் ஏன்டா இத உங்ககிட்ட சொல்லப் போறேன்?”

அவன் குரல் மாறியிருந்தது. கதை சொல்கிறவன் குரல் இல்லை.

இப்போது சித்தப்பா அவன் அக்கா வீட்டில்தான் இருக்கிறார். கொஞ்ச நாளாக ராத்திரியில், அவர் படுக்கும் அறைச் சுவரில் தட்டுகிற சத்தம். மூடிய கண்ணோடு எழுந்திருக்கிறார். வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஒரு தட்டுக்கு ஒரு காலடி... பின்பக்கமாகவே நடக்கிறார். கட்டிலில் இடிப்பதில்லை, நாற்காலியில் தடுக்குவதில்லை.

“அக்கா எதிர்ல நின்னு ரெண்டு கையையும் பிடிச்சு இழுக்குறா. ஓடுற வண்டியப் பிடிச்ச மாதிரி இருக்காம். போன வாரம் கூடத்தோட நின்னாரு. முந்தாநாள் வாசக்கதவு வரைக்கும். நேத்து அக்கா அசந்து தூங்கிட்டா. காலைல பாத்தா படுக்கையிலதான் கிடந்தாரு. கதவும் உள்பக்கமா பூட்டுனபடியே இருந்துச்சு...”

“அப்புறம் என்னடா?”

“கால் ரெண்டும் ஈரம். விரல் இடுக்குல பாசி. வீட்டுலேர்ந்து ஏரிக்கு ரெண்டு பஸ் மாறணும்டா.”

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அத்தானுக்கு நைட் ஷிப்ட். மாத்திக் குடுக்க மாட்டேங்குறாங்க. அக்கா போன்ல அழுறா. நாளைக்கு நான் போறேன். எதிர்ல நின்னு இழுக்க நான் இருக்கேன். அவருக்குப் பின்னாடி நின்னு, முதுகுல கை குடுத்துத் தள்ள ஒரு ஆள் வேணும்... யாராவது வர்றீங்களாடா?”