எதிர் ஸ்டாலைப் பார்த்துக்கொண்டபோது

ஹலோ... அண்ணி? நீங்க கல்யாணமாகி நம்ம வீட்டுக்கு வந்த புதுசுல, "இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா, வராதா?"ன்னு ஒரு தடவை கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?... இல்ல, சும்மாதான் கேட்டேன்... வருது அண்ணி. இன்னைக்கு நல்லாவே வந்துடுச்சு.

ஒண்ணுமில்ல அண்ணி... ஆமா, ஆமா, உங்க ஸ்டாலைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அம்மா பாப்பாவைக் கொண்டுவந்துட்டாங்களா?... பால் குடிக்கிறாளா?... ஓ, இப்பதான் வாயை வெச்சாளா. சரி சரி, குடிக்கட்டும். அவசரமே இல்ல. நிதானமா வாங்க... ஆனா கொஞ்சம் சீக்கிரம் வந்தா நல்லது... இல்ல அண்ணி, அவசரம்தான். ரொம்ப அவசரம்.

சத்தமா பேச முடியாது. எங்க கம்பெனி ஸ்டாலுக்குப் பின்னாடி, அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கற சந்துல நிக்கிறேன்... யாரும் திருடல. உங்க ஆஸ்பத்திரி டிராலி பத்திரமா இருக்கு. அது இல்ல விஷயம்.

அந்த டாக்டரம்மா வந்துட்டாங்க.

ஆமா, அவங்களேதான்! ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்கற அந்தக் கண்ணாடி போட்ட பர்ச்சேஸ்காரர் அன்னைக்கு உங்க டிராலியை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தள்ளிப் பாத்துட்டு, "எங்க பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன், அவங்க சரின்னா எல்லா வார்டுக்கும் உங்ககிட்டதான்"னு சொல்லிட்டுப் போனாரே. சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டார்... ஆமா... ஆமா... ஐயோ அண்ணி, சந்தோஷப்படாதீங்க. அண்ணனுக்கு இப்பவே ஃபோன் போட்டுடாதீங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

உக்கார வெச்சிருக்கேன்... ஆமா, நல்லாத்தான் உக்கார வெச்சிருக்கேன், ஜூஸ் கொடுத்தாச்சு... இல்ல... இல்ல அண்ணி, உங்க ஸ்டால்ல இல்ல.

எங்க ஸ்டால்ல.

ஹலோ?... அண்ணி?... லைன்ல இருக்கீங்களா?

சொல்றேன், சொல்றேன். வேணும்னு செய்யல. அவங்க வந்து நின்னப்ப நான் உங்க ஸ்டால் வாசல்லதான் நின்னேன், சத்தியமா. "அந்த அம்மா எங்க?"ன்னு கண்ணாடிக்காரர் கேட்டார். "இதோ வந்துடுவாங்க சார்"னேன். சரியாத்தானே சொன்னேன்? கார்டு வாங்கி உங்க டப்பாவுல போடக் கையைக் கூட நீட்டிட்டேன். டாக்டரம்மாவுக்கு முட்டி வலி போல, கால் மாத்தி மாத்தி நின்னாங்க. உங்ககிட்ட இருக்கறது அந்த ஒத்தை ஸ்டூல். அது மேல உங்க கேட்லாக், தண்ணி பாட்டில், பாப்பாவோட துண்டு, எல்லாம். அதான், "எங்க ஸ்டால்ல சோபா இருக்கு மேடம், அவங்க வர்ற வரைக்கும் உக்காருங்க"ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் அண்ணி. உக்காரத்தான் கூப்பிட்டேன்.

ஆனா எங்க சோபா எப்படிப் போட்டிருக்குன்னு உங்களுக்கே தெரியும்ல? உக்கார்ந்தா எதிர் ஸ்டாலுக்கு முதுகு. அதுவும் அவங்க கழுத்துல பச்சை பேட்ஜ். பச்சைன்னா வாங்க வந்தவங்கன்னு அர்த்தம், எங்க மேனேஜருக்குத் தூரத்திலேயே மூக்குல வேர்த்துடும். அதான் அந்த "பல்லு தெரியணும், பல்லு தெரியணும்"னு எங்களை நாளெல்லாம் சிரிக்கச் சொல்வாரே, அவரேதான். எங்க ஸ்டால்ல ஓடற பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சார். அந்தப் பெரிய பையைக் கொண்டுவந்து கண்ணாடிக்காரர் மடியில வெச்சார். அதான் அண்ணி, மத்த கம்பெனி பையெல்லாம் உள்ள போயி மறைஞ்சிடணும்னே பெருசா தெச்ச பை. உங்க கேட்லாக்கும் இப்ப அதுக்குள்ளதான் இருக்கு. அப்புறம் என்னைப் பாத்து, "ஆரம்பி"ன்னார்.

ஆரம்பிச்சுட்டேன் அண்ணி.

இருங்க... சார்? இதோ வந்துட்டேன் சார்! ஜூஸ் பெட்டிதான் சார் பிரிக்கறேன், டேப் வரமாட்டேங்குது!... ம்... போயிட்டார்.

தெரியும் அண்ணி. யாராவது ஸ்டாலைப் பாத்துக்கச் சொன்னா, கார்டை வாங்கி வெக்கணும், ஆளை நிறுத்தி வெக்கணும், அதுக்கு மேல வியாபாரம்னு ஒரு வார்த்தை பேசக்கூடாது. இந்தக் கண்காட்சி ஹால்ல இருக்கற அத்தனை பேரும் அப்படித்தான் இருக்காங்க. நாங்க சாப்பிடப் போனப்ப எங்க ஸ்டாலுக்கு வந்தவருக்கு நீங்க தண்ணி கொடுத்து நிறுத்தி வெச்சிருந்தீங்களே. உங்க டிராலி பக்கமே அவரைத் திரும்ப விடல. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்... ஆமா... ஆமா அண்ணி.

டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க, "சத்தம் வருமா? ராத்திரி வார்டுல நோயாளிங்க தூக்கம் கெடக்கூடாது, அதுக்காகத்தான் பழைய வண்டியை மாத்தறோம்"னு. நான் என்ன சொன்னேன்னா, "நீங்களே தள்ளிப் பாருங்க மேடம்"னேன். பொய் இல்லதான். ஆனா கீழ ரெண்டு கார்ப்பெட், ஒண்ணு மேல ஒண்ணு. வெறும் தரையில விட்டா எங்க வண்டி தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கும். அவங்க தள்ளினாங்க. பூனை நடக்கற மாதிரி போச்சு. "பரவாயில்லையே"ன்னாங்க.

அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சொன்னா அடிப்பீங்க... நல்லா இருந்துச்சு அண்ணி. வகுப்புல எழுந்து நின்னு ஒரு வரி படிக்கச் சொன்னா பயந்து, அதுக்காகவே பள்ளிக்கூடத்தை விட்டு நின்னவ நான். அவ்வளவு பெரிய டாக்டர், நான் பேசப் பேசத் தலையாட்டறாங்க. வாய் தானா ஓடிச்சு. சக்கரம், பிரேக்கு, கைப்பிடி, எல்லாத்தையும் சொன்னேன். அந்த நேரத்துல உங்க ஞாபகமே வரல. அண்ணன் ஞாபகமும் வரல.

தெரியும்... இந்த ஆர்டர் வரலைன்னா அண்ணன் பட்டறையை மூடிட்டு வெளியூருக்கு வேலைக்குப் போயிடும்னு எனக்குத் தெரியாதா? ஒரே வீட்லதானே இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் அடுப்படியில பேசிக்கறது எனக்குக் கேக்காமலா இருக்கும்?

திட்டுங்க அண்ணி. நீங்க திட்டாம "ம்", "ம்"னு கேட்டுக்கிட்டு இருந்தா எனக்கு என்னமோ பண்ணுது.

இல்ல, இன்னும் கையெழுத்துப் போடல. மேனேஜர் இப்பதான் பேப்பரை எடுத்து வெக்கறார். பேனா டாக்டரம்மா கையில இருக்கு... ஆமா, வாங்க. வாங்க அண்ணி, சீக்கிரம்... பாப்பாவை அம்மா தூக்கிக்கிட்டு வரட்டும்...

அண்ணி, இன்னொண்ணு இருக்கு. நீங்க இங்க வந்து, அவங்க வாயால கேட்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

டாக்டரம்மா உங்க ஸ்டாலைத் திரும்பிப் பாத்து என்னைக் கேட்டாங்க. "அந்தப் பொண்ணை உனக்குத் தெரியுமா? நம்பிக் கொடுக்கலாமா?"ன்னு. பாவம், நல்ல எண்ணத்துலதான் கேட்டாங்க. மேனேஜர் என் பக்கத்துலயே நிக்கறார். எதிர் ஸ்டால் எங்க வீடுன்னு நான் கம்பெனியில சொல்லவே இல்லையே. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க, போட்டிக் கம்பெனியைப் பத்தி யாராவது கேட்டா குறை சொல்லாதே, "தெரியாது சார்"னு சொல்லிட்டு லேசா சிரி, மீதியை அவங்களே நினைச்சுப்பாங்கன்னு.

நான் சிரிச்சேன் அண்ணி. "தெரியாது மேடம்"னேன்.

...

என்ன அது, நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குது?... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க?... ஆமா, பாப்பாவை வெச்சுக்கிட்டு எப்படிப் பிடிப்பீங்க... அது சரி... அப்ப அம்மா?... பக்கத்துலயே உக்காந்திருக்காங்களா?... முதல்லேருந்தா?

என்ன சொல்றாங்க?... ஒண்ணுமே சொல்லலையா.

சரி. சரி அண்ணி... இல்ல, அழல. நடந்து வந்துக்கிட்டே இருங்க. அவங்களை நிறுத்தி வெக்கறேன். எப்படின்னா... எப்படியோ. ஃபோனை வெக்காதீங்க, நான் என் ஃபோனை இந்தக் கம்பெனி கோட் பாக்கெட்டுல போட்டுக்கறேன். நீங்களும் கேளுங்க. நான் மறுபடியும் ஏதாவது சிரிச்சு வெச்சேன்னா உங்களுக்குத் தெரியணும்.

இதோ ஜூஸ் சார்... மன்னிச்சுக்கங்க சார், டேப் பிரியல... மேடம், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எழுந்து வர்றீங்களா?... இல்ல சார், கேட்லாக் வேண்டாம்... மேடம், இந்த டிராலியை இன்னொரு தடவை தள்ளிப் பாருங்க. இங்க இல்ல. கார்ப்பெட்டை விட்டு இறங்கி, அந்த நடைபாதையில... வெறும் சிமெண்டுத் தரை மேடம், உங்க ஆஸ்பத்திரித் தரை மாதிரி... சார், கையை எடுங்க சார். பிரேக்கை விடுங்க... உங்க வார்டுல கார்ப்பெட்டா மேடம் போட்டிருக்கீங்க?

இதோ... இதோ, கேளுங்க...

...இதான் சத்தம் மேடம்... ஆமா... ஆமா, எங்க எல்லா வண்டியும் இப்படித்தான்... தெரியும் மேடம், எனக்கு முன்னாடியே தெரியும்... சார், நான் மேடம்கிட்ட பேசிட்டு வந்துடறேன், அப்புறம் திட்டுங்க.

இன்னொண்ணும் இருக்கு மேடம். எதிர் ஸ்டால்காரங்களைத் தெரியுமான்னு கேட்டீங்களே. தெரியும். அவங்க என் அண்ணி. அவங்க டிராலிக்குச் சக்கரம் செஞ்சது என் கூடப்பிறந்த அண்ணன்... ஏன் அப்படிச் சொன்னேன்னா... தெரியல மேடம்... இல்ல, தெரியும். வேலை போயிடுமேன்னு பயந்தேன்... ஐயோ, இல்ல மேடம், இப்ப வீட்டு ஆளுங்கறதுக்காகப் பேசல. என் பேச்சையே நீங்க எடுத்துக்க வேண்டாம். அந்த டிராலியை நீங்களே தள்ளிப் பாருங்க, அங்க கார்ப்பெட்டே கிடையாது. அண்ணி பாப்பாவுக்குப் பால் கொடுக்கப் போனாங்க, ஸ்டாலைப் பாத்துக்கன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. நான் பாத்துக்கிட்ட லட்சணம் இது.

சரி சார்... சரி சார். கோட்டைக் கழட்டிடறேன்... பேட்ஜும்தான், இந்தாங்க... அவர் விட்டுட்டுப் போன பையும் உங்களுதுதான், வெச்சுக்கங்க... இருங்க சார், கோட் பாக்கெட்டுல ஃபோன் இருக்கு, எடுத்துக்கறேன்.

அண்ணி! கேட்டீங்களா? டாக்டரம்மா நேரா உங்க ஸ்டாலுக்கே போயிட்டாங்க. தள்ளறாங்க அண்ணி, தரையில தள்ளறாங்க. கண்ணாடிக்காரர் பக்கத்துல குனிஞ்சு காதைக் கொடுத்துக் கேக்கறார். எங்க இருக்கீங்க?... ஹலோ?... அட, அங்க ஓடி வர்றது நீங்கதானே?... கையில ஃபோனே இல்லையே...

ஹலோ? யார் அது?... பாப்பா சிணுங்கறது கேக்குது. முதுகுல தட்டிக் கொடுக்கற சத்தம் கேக்குது... அம்மாவா? அம்மா, நீதானே? ஃபோனை உன் கையில கொடுத்துட்டு அண்ணி ஓடி வந்துட்டாங்களா?

...

வந்து சேர்ந்துட்டாங்கம்மா. மூச்சு வாங்குது பாவம், முந்தானையைக் கூடச் சரியா போடல. ஸ்டூல் மேல இருந்ததையெல்லாம் வாரிக் கீழ வெச்சு, டாக்டரம்மாவை உக்கார வெச்சாச்சு... பேசறாங்க... டாக்டரம்மா என்னமோ கேக்கறாங்க, அண்ணி சக்கரத்தைக் கழட்டியே காட்டறாங்க... தலையாட்டறாங்கம்மா! கண்ணாடிக்காரர் எழுதிக்கறார். கிடைச்சிடும் போல இருக்கு. அண்ணன்கிட்ட நான் சொல்லல, அண்ணியே சொல்லட்டும்.

அண்ணி என் பக்கம் திரும்பல. வேலையா இருக்காங்க, அதான்.

அம்மா?... கேக்குதா?

எனக்கு வேலை போச்சும்மா. கோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டு நடைபாதையில நிக்கறேன். அது கிடக்கட்டும். நீ ஏதாவது சொல்லேன்... "ஏண்டி இப்படிப் பண்ணே?"ன்னாவது கேளேன்.

...

அண்ணியைத் தெரியாதுன்னு சொன்னா, அண்ணனையும் சேர்த்துத்தானே தெரியாதுன்னு சொன்னதா ஆகும். உன்னையும்தான். அதானே உனக்கு வருத்தம்?... அப்ப எனக்கு அது தோணலம்மா. வாயில அந்த வார்த்தை ரெடியா இருந்துச்சு. சொல்லிட்டேன்.

அம்மா, உன்னைப் பாத்துட்டேன். அந்தக் கட்டில் ஸ்டாலைத் தாண்டி வர்றே... ஃபோனைக் காதுலதான் வெச்சிருக்கே, அப்ப கேக்குதுதானே?... இங்க, இந்தப் பக்கம். அண்ணி ஸ்டால் தூண் பக்கத்துல... ஆமா, என்னைப் பாத்துட்டே. வா, கிட்ட வா. கூட்டத்துல பாப்பாவை இடிச்சுடப் போறாங்க.

பாப்பா முழிச்சுக்கிட்டாளா? இந்தா, கையை நீட்டறா பாரு, அத்தைகிட்ட வரணுமாம்... கொடும்மா. உனக்குக் கை வலிக்கும். கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்... கொடேன்...

ஏம்மா?

திரும்பிட்டியே... அம்மா, அந்தப் பக்கம் வாசல்தான் இருக்கு. வெயில்ல எங்க போறே பாப்பாவைத் தூக்கிக்கிட்டு?... அம்மா, இத்தனை பேர் எதிர்ல திட்டினாலும் பரவாயில்ல, ஒரு வார்த்தை திட்டிட்டுப் போம்மா... அம்மா... நில்லும்மா...

ஹலோ?... ஹலோ...