உப்புத்தண்ணி

வடகரப்பதியிலிருந்து கோயம்புத்தூர் போன பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"பருப்பு வேகலீன்னு எம்மருமவ அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டாளுங்க."

"ஏனுங்க, அதுக்கா போனா?"

"எங்க கெணத்துல உப்புத்தண்ணிங்க. பையன் பில்டர் வாங்கலாம்னான். அது அழுக்கைத்தான் எடுக்கும், மில்லுல இருக்கறாப்பல உப்பெடுக்கற மிஷினுதான் வேணும்னாரு அவங்கப்பா. ஆடியில இருந்து ரெண்டு பேரும் மல்லுக்கட்டறாங்க. குடிக்க மட்டும் நல்ல தண்ணிய நானும் மருமவளுந்தான் பக்கத்துத் தோட்டத்துல இருந்து சொமந்தோம்."

"கூட்டியார ஆளனுப்பலீங்களா?"

"பையனைத்தான் அனுப்புனேன். அந்த ஊர்ல பருப்பு பூவாட்டம் வேகுதுன்னு அவனும் அங்கயே தங்கிட்டான்."

"அப்ப சண்டை முடிஞ்சுதுங்களே."

"எங்கீங்க முடிஞ்சுது? இப்ப அவரு எங்கிட்ட ஆரம்பிச்சிருக்காரு."

கண்டக்டர் வந்து, எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

"எங்கம்மா ஊட்டுக்குங்க," என்றாள் அந்த அம்மாள்.