கூனோவுக்கு ஒரு பின்வாசல்

— விதின்னா விதி, லோரென்ஸ் அம்மா. கண்ணு தெரியாத நாய்க்குன்னு தனியா ஒண்ணு எழுதலை.

— எழுத வேண்டாம் ஹோல்கர், இருக்கறதையே படிங்க. உங்க கையில இருக்கற தாள்தானே. "நாய் தானா இறங்கணும், தானா ஏறணும்." கண்ணால பார்த்து ஏறணும்னு எங்கே போட்டிருக்கு?

— முப்பது வருஷம் பஸ் ஓட்டினவங்ககிட்ட விதியைப் பத்திப் பேசினது என் தப்பு.

— முப்பத்தொண்ணு. கூனோ, உட்காரு. பாருங்க, தண்ணி வாசனை பட்டதுமே வால் என்ன அடி அடிக்குதுன்னு. பதினாலு வயசாகுது. டாக்டர் அடுத்த செப்டம்பரைப் பத்திப் பேச்சே எடுக்கலை. வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் இந்த நீச்சல் குளம் நாய்ங்களுக்கு. கோடை முடிஞ்சாச்சு, நாளைக்குக் காலைல தண்ணியை வெளியே திறந்து விட்டுடுவீங்க.

— ஏழு மணிக்கு. அதுக்குத்தானே நாலு நாளா குளோரின் கலக்காம வச்சிருக்கேன்.

— அப்ப இன்னிக்கு விட்டா இவனுக்கு வேற நாள் இல்லை.

— எனக்கும்தான் இல்லை. அந்த வெள்ளை நாற்காலில உட்கார்ந்திருக்காங்க பாருங்க, நகராட்சியிலேர்ந்து ஃபோகல் மேடம். மடியில அட்டை, கையில பேனா. போன வருஷம் மாதிரி இன்னிக்கும் ஒரு நாயை மனுஷன் குதிச்சுத் தூக்க வேண்டி வந்தா, இனிமே நாய் ஞாயிறே கிடையாது. எழுத்துல கொடுத்துட்டாங்க.

— போன வருஷம் குதிச்சவர் நீங்கதான்.

— தூக்கினது உங்க கூனோவைத்தான். சீருடையோட, கடிகாரத்தோட, பாக்கெட்ல கைபேசியோட.

— அதை நான் மறக்கலை.

— மறக்கத்தான் விடலையே ஒரு புண்ணியவான். பேர் போடாம நகராட்சிக்கு ஒரு கடிதம். நாலு பக்கம். என்னை மூணு தடவை கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான் என்ன குளத்தைக் கட்டினவனா, காவல் இருக்கறவன்.

— யாரு எழுதினதுன்னு தெரிஞ்சுதா?

— உருளைக்கிழங்கு வறுக்கற கடை வரிசையில நின்னு பாருங்க, பன்னிரண்டு பேரைச் சொல்லுவாங்க. பாதிப் பேருக்கு ரொட்டிக்கடைக்காரர் மேல சந்தேகம். பாவம், அவர் நாயே வளர்க்கலை. ஏன், உங்க முகம் என்னவோ மாதிரி சிவந்து போச்சு?

— வெயில்.

— காலைலேர்ந்து மேகமா இருக்கு.

— ஹோல்கர், நாயை விடறீங்களா இல்லையா?

— விடறேன். ஆனா நான் சொல்றபடி. பந்து கிந்து வீசக் கூடாது. போன வருஷம் ஆழமான பக்கத்து மேடையிலேர்ந்து வீசினீங்க, பின்னாடியே குதிச்சான். நாய் எந்த இடத்துல குதிச்சுதோ அங்கேயேதான் ஏறப் பார்க்கும். அங்கே செங்குத்துச் சுவரு. ஏணி இருந்து என்ன, நாய்க்கு ஏணி எதுக்கு? சுவரைப் பிராண்டிக்கிட்டே கிடந்தான்.

— அப்பவே பாதிப் பார்வை போயிருந்தது. எனக்குத்தான் தெரியலை.

— அதனால இன்னிக்கு இந்த ஆழமில்லாத பக்கம். எங்கே ஏறணுமோ அங்கேயேதான் இறங்கவும் விடணும். இந்தச் சாய்பலகை வழியா.

— இது மேல ஏன் உங்க மஞ்சள் மழைக்கோட்டு கிடக்கு?

— நகராட்சிக்காரங்க பலகையில பச்சைக் கம்பளம் ஒட்டி அனுப்பினாங்க. வெளியேறும் வழின்னா பச்சையாத்தான் இருக்கணுமாம். நாய்க்குப் பச்சை சரியாப் பிரிஞ்சு தெரியாதுன்னு அங்கே யாருக்கும் தோணலை. காலைல மூணு நாய் பலகையைத் தாண்டிப் போயிடுச்சு. கோட்டைக் கழட்டிப் போட்டேன். நாலாவது நேரா வந்து ஏறிச்சு.

— கூனோவுக்குப் பச்சையும் ஒண்ணுதான், மஞ்சளும் ஒண்ணுதான்.

— அதுக்குத்தான் இந்தக் கொக்கிக் கழி. கைப்பிடிக் கம்பில தட்டிக்கிட்டே இருப்பேன். சத்தம் வர்ற பக்கம் கரை. அவனுக்குக் காது எப்படி?

— பக்கத்து வீட்டுல சாசேஜ் உறையைப் பிரிச்சா மாடியிலேர்ந்து இறங்கி வருவான்.

— போதும். மிதவைச் சட்டையைக் காட்டுங்க. வயித்துப் பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், மூணு போகக் கூடாது. சரி. கழுத்துப்பட்டையைக் கழட்டிடுங்க. போன வருஷம் அதைப் பிடிச்சு இழுத்தேன், தலை வழியா உருவிக்கிட்டு என் கையோட வந்துடுச்சு. பிடிக்கறதுன்னா முதுகுல இருக்கற இந்தக் கைப்பிடிதான். பிடிக்க வேண்டி வராதுன்னு வச்சுக்குவோம்.

— வராது. வாடா ராஜா.

— இருங்க, உங்க கால் தண்ணில படக் கூடாது. இன்னிக்கு மனுஷங்களுக்கு அனுமதி இல்லை. ஓரத்துல முட்டி போடுங்க. பாதிப் பலகை மட்டும் இறங்கட்டும், வயிறு நனையறதுக்குள்ள திருப்புங்க. ஏறினதும் வாய்க்கு ஏதாவது.

— கல்லீரல் பசை ரெண்டு டியூப் வச்சிருக்கேன். இறங்கு. நில்லு. திரும்பு. ஏறு. அதான், அதான் என் பையன். பார்த்தீங்களா, முன்னங்காலால பலகை நுனியைத் தடவிப் பார்த்துட்டுத்தான் அடுத்த அடி வைக்கறான்.

— இன்னொரு தடவை.

— இது ஒன்பதாவது.

— பதினஞ்சு ஆகட்டும். ஊர்ல எல்லாரும் நாய்க்கு இறங்கத்தான் பழக்கறாங்க. இறங்கறது அதுக்குத் தானா வரும். ஏறறதைத்தான் சொல்லிக் கொடுக்கணும்.

— பஸ்ஸும் அப்படித்தான். முன்வாசல்ல முட்டி மோதி எல்லாரும் ஏறிடுவாங்க. பின்வாசல் திறக்கலைன்னாத்தான் டிரைவரோட லட்சணம் தெரியும். இந்தப் பலகைதான் கூனோவோட பின்வாசல்.

— பின்வாசலா?

— எதுக்குச் சிரிக்கறீங்க?

— ஒண்ணுமில்லை. இப்ப விடுங்க. ஒரு உடம்பு நீளம் போய்ட்டு வரட்டும். நான் தட்டறேன்.

— போறான். கால் நாலும் ஒழுங்கா அடிக்குது. திரும்பறான் ஹோல்கர். கம்பிச் சத்தத்துக்குத் திரும்பறான். ஏறிட்டான். தானாவே ஏறிட்டான்.

— ஏறி, இருந்த தண்ணியெல்லாம் என் மேல உதறியும் ஆச்சு. அடுத்தது ரெண்டு நீளம்.

— மன்னிக்கணும். ஃபோகல், நகராட்சி. இந்த நாய்க்குப் பார்வை இல்லைன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

— உண்மைதான் மேடம். அதான் வேலி ஓரத்துல ஊரே கூடி நின்னு பார்க்குது.

— படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை. "இதர"ன்னு குறிச்சுக்கறேன். மனுஷர் யாராவது தண்ணில இறங்கினா அது நிகழ்வு. நாயைத் தொட்டுத் தூக்கினாலும் நிகழ்வு. தெரியும் இல்லையா?

— அந்தப் படிவத்தை நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

— நேரம் இரண்டு பத்து. குறிச்சுக்கறேன்.

— ஹோல்கர், குளத்துல பாதி வரைக்கும் விடட்டுமா? இவனுக்குக் கரை ஓரத்துல துழாவறது பிடிக்காது. நீளமா நீந்தணும்.

— மூச்சு வாங்குதா?

— சீரா இருக்கு. உங்களுக்கும் எனக்கும்தான் வாங்குது.

— சரி, விடுங்க.

— போடா. போ. மேடம், பாருங்க. காது ரெண்டும் எப்படித் தண்ணி மேல விரிஞ்சு மிதக்குது. குட்டியா இருந்தப்போ வெஸர் ஆத்துல இப்படித்தான் போவான், சரக்குப் படகு பின்னாடியே.

— லோரென்ஸ் அம்மா, ஜனங்க கை தட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

— தட்டட்டுமே. அவனுக்குத் தட்டாம வேற யாருக்கு?

— அய்யோ, தட்டக் கூடாது. கழிச் சத்தம் அவனுக்குக் கேட்கலை. திரும்ப வந்தவன் நின்னுட்டான் பாருங்க. எல்லாப் பக்கமும் சத்தம். எல்லாப் பக்கமும் கரைன்னு நினைக்கறான்.

— கூனோ. இங்கே. கூனோ.

— காதுல விழாது. ஆழமான பக்கம் போறான். அந்த மேடைக்கே.

— நான் இறங்கறேன்.

— இறங்காதீங்க.

— என் நாய், ஹோல்கர்.

— உங்க நாய்தான். மிதவைச் சட்டை இருக்கு, முழுக மாட்டான். களைச்சுப் போக ரெண்டு நிமிஷமாவது ஆகும். நீங்க காலை வச்சா இந்த ஊர்ல எந்த நாயும் இனிமே இங்கே கால் வைக்காது. ரெண்டு நிமிஷம் கொடுங்க. தாண்டிச்சுன்னா நானே குதிக்கறேன், மேடம் என்ன வேணா எழுதிக்கட்டும். ஃபோகல் மேடம், உங்க பின்னாடி கம்பத்துல ஒலிபெருக்கி மைக் தொங்குது. அதை எடுங்க.

— நான் பார்வையாளர் மட்டும்தான்.

— மைக் எடுத்துக் கொடுக்கக் கூடாதுன்னு படிவத்துல இல்லை.

— இந்தாங்க.

— எல்லாரும் கவனிங்க. கை தட்டறதை நிறுத்துங்க. குழந்தைங்களைப் பிடிச்சுக்குங்க. அவங்கவங்க நாய் வாயில எதையாவது கொடுங்க. கடையில அந்த ரேடியோவை அணைங்க. தண்ணில இருக்கறவனுக்குக் கண்ணு தெரியாது. அவன் காதுல ஒரே ஒரு சத்தம்தான் விழணும். தயவு பண்ணுங்க.

— அடங்கிடுச்சு. எழுபது நாய் இருக்கும், ஒரு குரைப்பு இல்லை.

— இந்தாங்க கழி. நீங்க தட்டுங்க.

— நானா?

— டிரைவர் கை, பதறினாலும் வேகம் மாறாது. நான் செருப்பைக் கழட்டிட்டு அந்தப் பக்கம் போக ரெடியா நிக்கறேன். ம், தட்டுங்க.

— என்ன பண்றான்? எனக்குப் பார்க்க முடியலை, கண்ணை மூடிக்கிட்டேன்.

— மூடிக்கிட்டே தட்டுங்க. சுவரைப் பிராண்டறான்.

— நாற்பது விநாடி.

— மேடம், எண்ணாதீங்க.

— எண்ணறது என் வேலை. ஐம்பது.

— நிறுத்திட்டான். லோரென்ஸ் அம்மா, பிராண்டறதை நிறுத்திட்டான். நீங்க நிறுத்தாதீங்க. ஒரு காதைத் தூக்கறான்.

— அப்புறம்?

— திரும்பிட்டான்.

— என் ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க.

— மேடம், நீங்க சொல்லுங்க. உங்களை நம்புவாங்க.

— நாய் திரும்பியிருக்கு. ஆழமில்லாத பக்கம் நோக்கி வருது. நேர்கோட்டுல வருது. மிதவைக் கயிறைத் தாண்டிடுச்சு. பத்து மீட்டர். எட்டு. தலை கொஞ்சம் தாழ்ந்திருக்கு, ஆனா வருது. நாலு. முன்னங்கால் பலகையில பட்டுடுச்சு. வழுக்குது. ஏறுடா கண்ணு, ஏறு, ஏறு.

— அது யாரு ஏறுடான்னது?

— ஏறியாச்சு. கண்ணைத் திறங்க லோரென்ஸ் அம்மா, உங்க மடியிலதான் இருக்கான்.

— அட என் கிழவா. என் சிங்கமே. இந்தா, முழு டியூபும் உனக்குத்தான்.

— நிமிஷம் ஒண்ணு, விநாடி ஐம்பது. மனுஷர் யாரும் இறங்கலை. யாரும் தொடலை. நிகழ்வு: இல்லை. குறிச்சுக்கிட்டேன். அடுத்த வருஷத்துக்கான விண்ணப்பத்தைப் பிப்ரவரிக்குள்ள அனுப்பிடுங்க. நடுவுல நான் சொன்ன ஒண்ணு ரெண்டு வார்த்தை பதிவுல வராது.

— என்ன சொன்னீங்க மேடம்? எனக்கு எதுவும் கேட்கலையே.

— நல்லது. நான் போய் உருளைக்கிழங்கு வாங்கிக்கறேன்.

— ஹோல்கர், ஜனங்க உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க.

— ஓ. இப்ப தட்டலாம். எல்லாரும் நல்லாத் தட்டுங்க.

— காதே கிழிஞ்சுடும் போலிருக்கு. ஊளையைக் கேளுங்க, எழுபதும் சேர்ந்து. ஹோல்கர், கொஞ்சம் இப்படி உட்காருங்க. இந்தச் சத்தத்துலயே சொல்லிடறேன், இல்லைன்னா சொல்ல மாட்டேன். அந்தக் கடிதம்...

— "பின்வாசல் இல்லாத பஸ்ஸை எந்த அதிகாரியாவது ரோட்டுல விடுவாரா?" மூணாம் பக்கம், ரெண்டாவது வரி.

— தெரியுமா?

— முதல் விசாரணை அன்னிக்கே படிக்கக் கொடுத்தாங்க. நீச்சல் குளத்தைப் பார்த்து பஸ் ஞாபகம் வர்ற ஆள் இந்த ஊர்ல எத்தனை பேர்?

— நீங்க அவனைத் தூக்கிக் கொடுத்தீங்க, நான் மறுநாள் காலைல உங்க மேலயே புகார் எழுதினேன். பயம். யார் மேலயாவது கொட்டணும் போல இருந்தது. ஒரு வருஷமா அந்த ரொட்டிக்கடைப் பக்கம் போகலை, அவர் எதிர்ல வந்தா சந்துல திரும்பிடறேன். தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேட்கலை?

— ஆறு வருஷம் இந்தச் சாய்பலகையைக் கேட்டு நான் எழுதினேன், என் பேர், பதவி, கையெழுத்து எல்லாம் போட்டு. ஆறு தடவையும் நிதி இல்லைன்னு பதில் வந்தது. உங்க நாலு பக்கம் போய்ச் சேர்ந்தது, மூணே மாசத்துல பலகை வந்து இறங்குச்சு. இந்தாங்க பேனா. ஆழமான பக்கத்துக்கும் ஒரு பின்வாசல் வேணும். போன தடவை மாதிரியே, என்னை நல்லாத் திட்டி எழுதுங்க.