அசையாத கிருமி

காலையில் வந்ததும் லென்ஸைத் துடைத்துவிட்டுத்தான் வேறு வேலை. துடைக்காவிட்டால் தூசிக்கும் ஒரு நோயின் பெயர் வைத்துவிடுவேன் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விரிஞ்சிபுரம் போகும் பாதையிலிருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கிருமி பார்ப்பது நான், தேவானந்தம்.

இரண்டு சாவையும் விசாரிக்க வந்து கேட்டீர்களே, சொல்கிறேன் அய்யா. மாட்டைக் கொல்லும் அடைப்பான் கிருமியும் வைக்கோல் கிருமியும் பார்வைக்கு அண்ணன் தம்பி. இரண்டும் ஊதாச் சாயம் ஏற்கும், குச்சிகுச்சியாகக் கோத்து நிற்கும். முன்னது மனிதனையும் விடாது, பின்னது சாது. உயிரோடு ஒரு சொட்டு நீரில் விட்டுப் பார்த்தால் வைக்கோல் கிருமி நீந்தும். அடைப்பான் அசையாது.

போன வருஷம் ஒரு தோலில் எடுத்த கிருமியை, நீர்ச்சொட்டில் விட்டுப் பார்க்காமலே அவசரப்பட்டு அடைப்பான் என்று சொல்லிவிட்டேன். ஆம்பூரில் ஒரு தோல் மண்டியை மூடினார்கள். பிறகு நர்ஸ் இன்பம் அதைச் சொட்டில் விட்டு, லென்ஸில் குனிந்து பார்த்து, "இன்னா அண்ணே, இது நல்லா நீந்துதே" என்றாள். அன்றிலிருந்து என் பெயரே அடைப்பான். சமையல்காரன்கூட "அடைப்பானுக்குக் கஞ்சி ஊத்து" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

இந்த ஆடியில் சின்னசாமி வந்தான், அதே மண்டியில் பச்சைத்தோல் சுமப்பவன். கழுத்தில் கரியாய்க் கறுத்த புண். அவன் மனைவி முனியம்மா, "புண்ணு நோவவே இல்லியாம் அய்யா. அதான் எனுக்கு பயமா கீது" என்றாள். நோகாத கறுப்புப் புண் எதுவென்று எனக்குத் தெரியும்.

புண்ணில் எடுத்ததை நீர்ச்சொட்டில் விட்டுப் பார்த்தேன். குச்சிகள் அசையவில்லை. அப்போது வாசலில் யாரோ, "அடைப்பான் கீறாரா?" என்று கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். என் விரல் கண்ணாடித் தகட்டை லேசாகத் தட்டியது. சொட்டு ஆடியது, கூடவே குச்சிகளும் ஆடின. வைக்கோல் கிருமி என்று எழுதினேன்.

மதராஸிலிருந்து மருந்து வரவழைக்க இருந்த டாக்டர் அதோடு விட்டுவிட்டார். முனியம்மாவிடம் நானே சொன்னேன்: "சாதாரணக் கட்டிதாம்மா. தினம் கழுவி, பத்துப் போடு." அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை நினைத்தால் கூசிப்போகிறேன்.

கழுத்து வீங்கி, மூச்சடைத்து அவன் செத்தான். அவன் புண்ணைக் கழுவிய முனியம்மா, மணிக்கட்டில் அதே கறுப்போடு திரும்பி வந்தாள். "எனுக்கும் சாதாரணக் கட்டிதான அய்யா?" என்றாள். அடைப்பான் என்று இப்போது சொன்னால், சின்னசாமிக்கு என்ன செய்தேன் என்பது வெளியே வந்துவிடும். ஆமாம் என்றேன். தகட்டை மறுபடி தட்டினேன். அவளை நேற்றுப் புதைத்தார்கள்.

இரண்டு உயிருக்கும் நான்தான் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது. ஆனால் ஒன்று, அய்யா. பொய்யாக நான் எதுவும் எழுதவில்லை. நான் பார்த்தபோது அது அசைந்தது.