மேல் ஹால்

காலையில் டீ இல்லாவிட்டாலும் எனக்கு ஓடும் ஐயா. ஈரம் ஊறிய சுவரைப் பார்த்துவிட்டால்தான் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடாது.

நகராட்சியில் பத்தொன்பது வருடமாகக் கட்டட ஆய்வாளர். ஆலைகள் மூடிய பிறகு, நூறு வயது தாண்டிய நாற்பது கட்டடங்கள் இந்த ஊரில் காலியாகக் கிடந்தன. எந்தக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். பழுது பார்க்கச் சொல்லி மாதாமாதம் எழுதினேன். என் கடிதத்தின் பின்பக்கத்தில் கவுன்சிலர்கள் மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று குறித்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்றும் நான் குரலை உயர்த்தவில்லை.

கட்டடக் குழுத் தலைவர் என் மனைவியின் அண்ணன். வீட்டுக்கு வந்தவரிடம் பேச்செடுத்தேன்.

"போன வருஷம் பழைய தபால் ஆபீஸ் விழுந்துச்சே மச்சான், அதையாவது யோசிங்க."

"விழுந்துச்சு, சரி. ஒரு பூனைக்காவது அடிபட்டுச்சா மாப்ளே? சும்மா விடுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காலிக் கட்டடம் விழுந்தால் இந்த ஊர் சட்டையில் பட்ட தூசியைத் தட்டிவிட்டுப் போய்விடும். அப்படியானால், ஆள் இருக்கிற ஒன்று விழவேண்டும். ஆத்திரத்தில் எடுத்த முடிவு இல்லை. ஒரு வாரம் யோசித்தேன்.

மூடிய நூற்பாலையின் அலுவலகக் கட்டடத்தில், அதே ஆலையில் ஃபிட்டராக இருந்தவர் ஒண்டிக்கொண்டிருந்தார். போக்கிடம் இல்லாதவர். காலையில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, வாசலை ஒட்டிய அறையில் மதியம் தூங்குவார். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்.

"கீழ புழுக்கமா இருக்குமே, மேல் ஹால்ல படுக்கலாமே" என்றேன்.

"தளம் தாங்குமா சார்?"

"நானே முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன். என்னை நம்ப மாட்டீங்களா?"

"உங்களை நம்பாம வேற யாரை நம்புறது சார்?" என்று சிரித்தார். அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியேறினார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணி. அவர் குறட்டை கீழே வரை கேட்டது. நடுவிலிருந்த இரண்டு இரும்பு முட்டுகளையும் தளர்த்தி, கயிறு கட்டி, வாசலுக்கு வெளியே நின்று இழுத்தேன்.

முதலில் ஓடிப்போய்ச் செங்கல்லை அள்ளியவனும் நான்தான். அவருடைய தங்கை வந்து, தோல் உரிந்த என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது இருந்தீங்களே அண்ணா" என்று அழுதார். ஆறுதல் சொன்னேன்.

பத்தே நாளில் அவசரக் கூட்டம். மிச்சமிருக்கும் முப்பத்தெட்டு கட்டடங்களையும் செப்பனிடத் தீர்மானம் போட்டார்கள். மச்சான் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்தொன்பது வருடம் எங்கே போயிருந்தன அந்தக் கண்கள்?

ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள். மேல் ஹால் ஜன்னல்களில் பன்னிரண்டு வண்ணக் கண்ணாடிகள் இருந்தன. அந்தக் காலத்துக் கைவேலை. முந்தின வாரமே, காற்று வரட்டும் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஃபிட்டர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவற்றைச் சாகவிட மனசு கேட்கவில்லை ஐயா.