பின்னால் ஒரு மஞ்சள்

கடகடன்னு கேக்குதே, அது ரயில் இல்ல தம்பி, மைன்ஸ் பெல்ட்டு. சுரங்கத்துல வெட்டற மண்ணு அதுமேல போய்க்கினே இருக்கும். நைட் ஷிப்டு பூரா அது பக்கத்துலதான் எனக்கு வேல. ஒக்காருங்க. கையெல்லாம் பலாப்பால், எண்ண தடவியும் உட மாட்டேங்குது. சொளை எடுத்துக்குங்க, பண்ருட்டிப் பழம்.

எங்க மாடியில கேமரா வெக்கணும்னீங்க. தாராளமா வெய்யுங்க. ஆனா உங்க டைரக்டரு மொதமொதல்ல இந்த டவுன்ஷிப்புல ஒரு காதல் படம் எடுத்தாரே, அதுலேருந்து எனக்கு ஒண்ணு வேணும். இருங்க, சொல்றேன்.

என்னது, அந்தப் படம் கவிதையா? எனக்குக் கொமட்டிக்கினு வருது. கதாநாயகியா வர்ற அந்தப் பொண்ணு மூஞ்சி மட்டும் துல்லியம், கண்ணு மை பிசிறு கூடத் தெரியும். பின்னால பஸ்சு, மரம், மனுசன் எல்லாம் ஈரக்காலால மிதிச்ச கோலம். காதலிக்கிறவங்களுக்கு ஊரு கண்ணுக்குத் தெரியாதாம். அப்ப ஊர்ல நிக்கிறவங்க என்ன, குப்பையா?

ஸ்டைலுன்றீங்க. சரிதான். பஸ் ஸ்டாண்டு சீனுக்குக் கூட்டம் வேணும்னு பிளாக் பிளாக்கா வந்து கூப்புட்டாங்க. நல்ல பொடவையா கட்டிக்கினு வாங்கன்னாங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்களும் கல்யாணப் பொடவைய எடுத்துக் கட்டிக்கினு போச்சிங்க. வெயில்ல நிக்க வெச்சி, சிரிங்கம்மா, திரும்புங்கம்மான்னு ஒரே அதிகாரம். படம் வந்ததும் சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, பஸ்சு புடிச்சி சினிமாக் கொட்டாய்க்குப் போனோம். ஒரு மூஞ்சியும் இல்ல.

அந்தப் படம் போன்ல இருக்கா? போடுங்க. என் கை ஒட்டும், நீங்களே புடிங்க. தள்ளுங்க. இன்னும். ஆங், நிறுத்துங்க. அந்தப் பொண்ணு காதுக்குப் பக்கத்துல மஞ்சளா ஒண்ணு, தெரியுதா? அது லிடியா. என் சம்சாரம். இதுல நான் எந்த மஞ்சள்னு கொட்டாயில கேட்டுட்டுச் சிரிச்சா. அடுத்த மழைக்காலம் காய்ச்சல்ல போயிட்டா. கல்யாணப் போட்டோ இருக்குது, அதுல வெறைச்சிக்கினு நிப்பா. அவ திரும்பறது, முடிய ஒதுக்கறது, இதுல மட்டுந்தான்.

நீங்க மொதல்ல தெளிவா எடுத்துட்டு அப்பறமாத்தான கலங்கடிப்பீங்க? அந்தத் தெளிவானத ஒரு தடவ காட்டச் சொல்லுங்க உங்க சார. அவ்ளோதான் கேக்கறேன்.

எடுக்கறப்பவே கலங்கிடுமா?

லென்சுலயே அப்படித்தானா.

சரி.

மாடிச் சாவி ஆணியில தொங்குது, எடுத்துக்குங்க. உங்க போன மட்டும் அணைச்சிடாதீங்க, கொஞ்ச நேரம் அந்தச் செவுத்துல சாய்ச்சி வெய்யுங்க. பாதிப் பழம் அப்படியே கெடக்குது, நான் உரிச்சி முடிச்சிடறேன்.